அடையாறு கரண்டும் மயிலாப்பூர் காயிலும்

ஃபிட்டர் ரத்தினம் அந்த ரிலேயை என் மேஜைமேல் எறிந்தார். 'எறிந்தார்' என்று இன்றைக்கு மரியாதையாக எழுதுகிறேன். அன்றைக்கு மனசுக்குள் அவரை என்னவென்று அழைத்தேன் என்பதை எழுதினால் பத்திரிகைக்காரர்கள் போட மாட்டார்கள்.

மேஜை அதிர்ந்தது. எரிந்த அரக்கின் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. நான் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசி, வெள்ளை நாடா கட்டி அனுப்பிய காயில் கன்னங்கரேலென்று திரும்பி வந்திருந்தது. நாடாவை விரலால் தொட்டேன், பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"பாத்துக்கோ உன் லட்சணத்தை. இத்தோட ரெண்டு. கால் மணி நேரம்கூடத் தாங்கல" என்றார் ரத்தினம்.

"நான் சுத்தினதுல தப்பு இல்ல."

"தப்பு இல்லாமத்தான் இப்படிக் கருகிக் கீதா?"

பட்டறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். முதலாளி நாயுடு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். அவர் கோபப்பட்டுக் கத்தினால் பயமில்லை. நிதானமாகக் கண்ணாடி துடைத்தால்தான் பயம்.

"இந்தா பிலோமி, பொம்பளைய பட்டறையில வெச்சேன்னு லஸ் கடைத்தெருவுல சிரிக்காத ஆளு இல்ல. நான் கண்டுக்கல. ஆனா இன்னொரு தபா இந்தக் காயில் எரிஞ்சு வந்துச்சுன்னா நீ வூட்டோட இருந்துக்கணும். அப்பால என்கிட்ட வந்து கேக்கக்கூடாது" என்றார்.

எனக்கு அப்போது இருபது வயசு முடிந்திருக்கும். சுற்றுமுற்றும் எந்தப் பட்டறையிலும் காயில் சுற்றும் பெண் கிடையாது. நான் எழுந்து போனால் அந்த இடத்தில் இன்னொரு பெண் வந்து உட்காரப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மீன் கூடை சிபாரிசு

சாந்தோமில் பிறந்த மீன்காரக் குடும்பத்துப் பெண் கரண்டு பட்டறைக்குள் எப்படிப் போனாள் என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். சொல்கிறேன். எனக்காகச் சிபாரிசு செய்தது ஒரு வஞ்சிரம்.

எங்கள் அம்மா கூடையில் மீன் சுமந்து விற்றவர். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் என்னை எட்டாவது வரை படிக்க வைத்தார். கணக்கும் இங்கிலீஷும் தையலும் எனக்கு நன்றாக வந்தன. அதற்குமேல் படிக்க வழியில்லை. வீட்டில் ஒரு வருஷம் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்றால் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்தேன் என்று அர்த்தம்.

நாயுடு அம்மாவின் வாடிக்கைக்காரர். ஒருநாள் அவர் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டுவிட்டார்.

"மீனு மட்டும் நல்லாப் பாத்து வாங்கிக்கினு போறியே நாயுடு, என் பொண்ணுக்கு ஒரு வேலை போட்டுக் குடேன்."

"உன் பொண்ணுக்கு இன்னா தெரியும்?"

"தலைமயிரைக் குடு. அதுல முடிச்சுப் போட்டுக் காட்டுவா."

அம்மா சும்மா அடித்துவிட்டதுதான். ஆனால் நாயுடு மறுநாள் என்னை வரச் சொல்லி, எரிந்துபோன மின்விசிறிக் காயில் ஒன்றையும் மெல்லிய கம்பிச் சுருளையும் முன்னால் வைத்தார். மத்தியானத்துக்குள் சுற்றிக் கொடுத்தேன். விசிறி ஓடியது. அன்றைக்கு உட்கார்ந்த இடம்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அம்மாவிடமிருந்து விலகி உட்காருவார்கள், மீன் வாடை. என்னிடமிருந்தும் விலகி உட்கார ஆரம்பித்தார்கள், வார்னிஷ் வாடை. எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது. ஐந்து வருஷத்தில் நான் சுற்றிய காயில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைத் தம்பட்டம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உண்மை அது.

எடுத்த சுற்றுக்குப் போட்ட சுற்று

ரிலே என்றால் என்னவென்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் இரும்புத் துண்டைச் சுற்றி ஒரு காயில். அதில் கரண்டு வந்தால் இரும்பு காந்தமாகி எதிரே உள்ள தகட்டை 'டக்'கென்று இழுக்கும். அந்தத் தகடு பெரிய மோட்டாரின் ஸ்விட்சைப் போட்டுவிடும். சின்ன வேலைக்காரன் பெரிய வேலைக்காரனை எழுப்பிவிடுகிற ஏற்பாடு, அவ்வளவுதான்.

இந்த ரிலே, அடையாற்றில் ஒரு டாக்டரம்மா புதிதாகத் தொடங்கியிருந்த பிரசவ ஆஸ்பத்திரியினுடையது. மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி ரிலேக்குக் கரண்டு கொடுக்கும். ரிலே மோட்டாரைக் கிளப்பும். தொட்டி நிறைந்தால் தானே நிற்கும். ரத்தினம்தான் சுவரில் பொருத்தினார். பொருத்திய அன்றே காயில் எரிந்தது. பழைய சாமான், வயசாகிவிட்டது என்று சொல்லி என்னிடம் புதுக் காயில் சுற்றக் கொடுத்தார்கள்.

எங்கள் பட்டறையில், ஏன், மயிலாப்பூரில் எந்தப் பட்டறையிலும் வேதவாக்கு ஒன்றுதான். எடுத்த சுற்றுக்குப் போட்ட சுற்று. எரிந்த காயிலைப் பிரிக்கும்போது ஒவ்வொரு சுற்றாக எண்ணுவோம். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை மேஜையில். கம்பியின் பருமன் எத்தனை நம்பர் என்று அளவுத் தகட்டில் பார்ப்போம். பிறகு அதே நம்பர் கம்பியில், அதே புளியங்கொட்டைக் கணக்கில், புதிதாகச் சுற்றுவோம். யாரும் எதுவும் கேட்பதில்லை. செய்தவன் தெரியாமலா செய்திருப்பான் என்பதுதான் எங்கள் நம்பிக்கை.

நானும் அப்படியேதான் சுற்றினேன். பட்டறைச் சுவரில் இருந்த பிளக்கில் கொடுத்துச் சோதித்தேன். 'டக்' என்று இழுத்தது. அரை மணி நேரம் அப்படியே விட்டுக் கையை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. அடையாற்றுக்குப் போனது, எரிந்தது. மறுபடியும் சுற்றினேன், இந்தத் தடவை நடுநடுவே பட்டுத் துணி வைத்து. சோதித்தேன், குளிர்ந்திருந்தது. அதுவும் போனது, எரிந்தது.

என் கையில் குளிர்ந்து இருந்த காயில் அடையாற்றில் ஏன் கருகுகிறது? அன்றைக்குப் பூராவும் என் தலைக்குள் இந்த ஒரு கேள்விதான்.

சாயங்காலம் வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். சொன்னேன்.

"சுத்தினது சரியா, தப்பா? அதச் சொல்லு" என்றார்.

"சரிம்மா."

"சரின்னா இங்க குந்திக்கினு எதுக்குக் கண்ணைக் கசக்கிறே? போய்ப் பாரு. தப்புன்னா ஒத்துக்கோ. எங்கிட்ட இன்னொரு கூடை கீது, நாளைக்கே தூக்கலாம். ஆனா அழுதுகினே கூடைகிட்ட வராத, மீனு விக்காது."

எனக்குக் கூடை தூக்குவதில் கேவலம் இல்லை. அந்தக் கூடைதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் தப்புச் செய்தவள் என்ற பெயரோடு அதைத் தூக்க மாட்டேன். காலையில் நாயுடுவிடம் போய் நின்றேன்.

"என்னை அனுப்பறதுன்னா அனுப்புங்க மொதலாளி. அதுக்கு முன்னால அது எரியுற எடத்தை நான் ஒரு தபா பாக்கணும்."

ரத்தினம் சிரித்தார். பெண்பிள்ளையை வேலை நடக்கிற இடத்துக்கு அழைத்துப்போகிற வழக்கமே இல்லை. நாயுடு கொஞ்ச நேரம் கண்ணாடி துடைத்தார். பிறகு, "கூட்டிக்கினு போ ரத்தினம்" என்றார்.

ஓர் உருளைக்கிழங்கு

அந்தக் காலத்தில் பட்டணத்தில் கரண்டு ஒரே மாதிரி இருக்கவில்லை. டிராம் ஓடுகிற டி.சி. கரண்டு வேறு, வீட்டு விளக்கு எரிகிற கரண்டு வேறு. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் எங்களுக்கு வந்தது ஏ.சி. மாம்பலத்தில் அப்போதுதான் தியாகராயநகர் என்று புதுப் பெயர் வைத்துப் பங்களாக்கள் எழும்பிக்கொண்டிருந்தன. தெருவிளக்குப் பார்க்கவே எங்கள் பக்கத்து ஜனங்கள் நடந்துபோய்விட்டு வருவார்கள். ஆற்றைத் தாண்டினால் பனைமரமும் சவுக்குத் தோப்பும் தள்ளித் தள்ளி ஒரு பங்களாவும்தான்.

ஆஸ்பத்திரி அப்படி ஒரு பழைய பங்களாவில் இருந்தது. நாங்கள் போனபோது இரண்டு ஆயாக்கள் குடத்தோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். படியெல்லாம் தண்ணீர் சிந்தி வழுக்கியது. டாக்டரம்மா மயிலாப்பூர்க்காரர், முப்பத்தைந்து வயசு இருக்கும், வெள்ளைப் புடவை, கையில் கெடிகாரம்.

"வாங்கோ ரத்தினம். இன்னிக்காவது தண்ணி ஏறுமா? மேல ஏழு பேர் படுத்துண்டிருக்கா. குடம் தூக்கியே இவாளுக்கு இடுப்பு விட்டுப்போச்சு. இது யாரு?"

"காயில் சுத்துற பொண்ணும்மா. எரிய வெக்கிறது இவதான்."

நான் அதைக் காதில் வாங்காமல், "இந்த ரிலே எங்க வாங்கினதுங்கம்மா?" என்று கேட்டேன்.

"வாங்கலை. மாம்பலத்துல எங்கப்பா ஆத்துல இருந்தது. மூணு வருஷம் ஓடிண்டிருந்தது, ஒரு நாள் மக்கர் பண்ணினதில்லை. இங்க மோட்டார் வேற வாங்கியாச்சு, ரிலே நன்னாத்தானே இருக்குன்னு இதைக் கழட்டிண்டு வந்தேன். வந்த அன்னிலேர்ந்து இந்தக் கூத்து."

"இங்க கரண்டு எங்கேர்ந்து வருதும்மா?"

"பின்னால கேக்கலையா? முன்னாடி இருந்த தொரை விட்டுட்டுப் போன எஞ்சின். ஊர்க் கரண்டு இன்னும் நம்ம பக்கம் வரலையே."

கொல்லையில் எண்ணெய் எஞ்சின் 'தொப்பு தொப்பு' என்று அடித்துக்கொண்டிருந்தது. ரத்தினம் என்னைப் பார்த்து இளக்காரமாகச் சொன்னார்: "நூத்திப்பத்து வோல்ட்டு. நம்ம பட்டறை கரண்டுல பாதி. ரெட்டையைத் தாங்குற காயில் பாதியில எரியுமா? சுத்தினது சொத்தை. அதுக்கு மேல இன்னா ஆராய்ச்சி?"

ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பாதி கரண்டில் எப்படி எரியும்?

கையோடு கொண்டுபோயிருந்த ரிலேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தகடு வந்து மோதுகிற இரும்பு முகத்தில் சின்னதாக ஒரு செம்பு வளையம் பதித்திருந்தது. இரண்டு தடவை சுற்றியபோதும் அதைப் பார்த்திருக்கிறேன். அழகுக்குப் போட்டிருப்பான் என்று விட்டுவிட்டேன். இப்போது சுரீர் என்றது. நாயுடுவின் அலமாரியில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று உண்டு. அவருக்கு இங்கிலீஷ் வராது, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான்தான் புரட்டுவேன். அதில் ஒரு படத்தில் இதே வளையத்தைப் பார்த்திருந்தேன். ஏ.சி. ரிலேக்கு மட்டும்தான் அந்த வளையம். தகடு நடுங்காமல் பிடித்துக்கொள்வதற்காக.

அப்படியானால் எஞ்சினிலிருந்து வருவது எந்தக் கரண்டு? எஞ்சின் சுற்றிக் கரண்டு எடுக்கிற டைனமோவை இரும்பு மூடி போட்டு மூடியிருந்தார்கள். ரத்தினத்துக்கு வோல்ட் தெரியும், அதற்குமேல் அவர் கேட்டதில்லை.

"அம்மா, ஒரு உருளைக்கிழங்கு கிடைக்குமா?"

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உருளைக்கிழங்கா? இங்க தண்ணி ஏறலைங்கறேன், நீ கறி பண்ணப் போறியா?"

கிழங்கு வந்தது. இரண்டாக வெட்டினேன். ஒரு பல்பின் வழியாக லைனிலிருந்து இரண்டு செம்புக் கம்பி எடுத்து, வெட்டிய முகத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் குத்தினேன். பாட்டரி சார்ஜ் பண்ணும் கடைகளில் பிளஸ் எது மைனஸ் எது என்று பார்க்கிற பழைய வித்தை இது. ரத்தினத்துக்கும் தெரியும். அதனால்தான் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

ஒரு கம்பியைச் சுற்றி மட்டும் பச்சை பூத்தது. இன்னொன்றில் வெறும் நுரை.

ஏ.சி. என்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். இது டி.சி.

"அம்மா, ஏ.சி. கரண்டு போறதும் வர்றதுமா இருக்கும். காயில் உள்ள அது ஓடும்போது அந்தக் காந்தமே அதை மறிக்கும். அதனால கம்மியாக் கம்பி சுத்தினாலே போதும், எரியாது. டி.சி. ஒரே பக்கமாப் போய்க்கினே இருக்கும். காந்தம் மறிக்காது. மறிக்கிறதுக்குக் கம்பி மட்டும்தான். அந்தக் கம்பி இதுல பத்தாது. பாதி வோல்ட்டுன்னாலும் தடுக்க ஆள் இல்லாம மொத்தமும் உள்ள பூந்துடும்."

டாக்டரம்மா குனிந்து கிழங்கைப் பார்த்தார். "அப்போ ரிலேயும் நல்ல ரிலே, கரண்டும் நல்ல கரண்டு, நீ சுத்தினதும் நன்னாத்தான் சுத்தியிருக்கே. எல்லாம் நல்ல எடம்தான், ஜாதகம்தான் பொருந்தலைங்கறே."

நானே அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

இழுக்காத காயில்

இப்போது நகல் எடுக்கிற வேலை இல்லை. அடையாற்று டி.சி.க்கு எத்தனை சுற்று, எந்த நம்பர் கம்பி என்று நானே கணக்குப் போட வேண்டும். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பழைய கடிதாசின் முதுகில் வகுத்தேன், பெருக்கினேன். கன்னியாஸ்திரிகள் சொல்லிக் கொடுத்த கணக்கு அதுவரை சோதிக்கப்பட்டதில்லை. பலசரக்குக் கடைக்கு அந்த அளவு தேவைப்படாது.

கம்பி தலைமயிரைவிட மெல்லிசு. மூச்சு விட்டால் அறுந்துவிடும்போல இருந்தது, இரண்டு தடவை அறுந்தும் போனது. புளியங்கொட்டை மேஜையின் ஓரம் வரை போய், இரண்டாவது வரிசை தொடங்கியது. ஒரு பகல் முழுக்க சுற்றினேன். வார்னிஷ் காய்வதற்கு இன்னொரு பகல். பக்கத்தில் யாரும் வந்து பேசவில்லை. பேசினால் எண்ணிக்கை தவறும் என்பதால் இல்லை, கப்பல் மூழ்கப்போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

முடித்து நாடா கட்டியதும் ரத்தினம் வந்து ரிலேயை எடுத்தார்.

"அத இங்க போடாதீங்க. இது இந்தக் கரண்டுக்கு இல்ல" என்றேன்.

அவர் கேட்பாரா? பட்டறை பிளக்கில் கொடுத்தார். 'ர்ர்ர்' என்று முனகியது. தகடு கொஞ்சம் நடுங்கியது. இழுக்கவில்லை.

"மொதலாளி, வந்து பாருங்க. செத்த காயில்."

நாயுடு வந்து பார்த்தார். நான் சொன்னேன், அதே ஏ.சி. டி.சி. கதையை. இங்கே இழுக்காததுதான் அது சரியாக இருப்பதற்கு அடையாளம் என்றேன். சொல்லும்போதே அது கேட்க எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறதென்று எனக்கே தெரிந்தது.

"ஏம்மா, ரெட்டை வோல்ட்டுல இழுக்காதது, பாதி வோல்ட்டுல இழுக்குமா?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இழுக்கும் மொதலாளி."

"சரி, எடுத்துக்கினு போ. வந்தப்புறம் பேசிக்கலாம்."

ரத்தினம் வரமாட்டேன் என்றுவிட்டார். மறுநாள் காலையில் ரிலேயைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மாவின் பிளாஸ்திரி

ஃபிட்டர் இல்லாமல் பெண் ஒருத்தி மட்டும் வந்து நிற்பதைப் பார்த்து டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையை நீட்டினார். நான் கழற்றிய திருகாணிகளை அதில் வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தார்.

"ஆபரேஷன்ல எனக்கு இப்படிக் கத்தி எடுத்துக் குடுக்க ஆள் உண்டு. இன்னிக்கு நான் உனக்கு."

ஸ்விட்சைப் போட்டேன். 'டக்'.

அப்படி ஒரு சத்தம்! கதவு சாத்தின மாதிரி கணீரென்று. கீழே மோட்டார் கிளம்பியது. மாடியில் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற ஓசை கேட்டது. ஆயா ஒருத்தி, "ஏறுதும்மா! ஏறுது!" என்று குடத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

சந்தோஷம் அரை மணி நேரம்தான். தொட்டி நிறைந்தது, மிதவை ஏறியது, ரிலேக்குக் கரண்டு நின்றது. ஆனால் தகடு விடவில்லை. ஒட்டிக்கொண்டே இருந்தது. மோட்டாரும் நிற்கவில்லை. தண்ணீர் வழிந்து மாடித் தாழ்வாரத்தில் ஓடி, படியில் அருவியாகக் கொட்டியது. கைதட்டிய அதே ஆயா இப்போது கூச்சல் போட்டாள். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

ஐயோ, இது என் புத்திக்கு எட்டாமல் போய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஏ.சி.யில் காந்தம் கணத்துக்குக் கணம் தானே செத்துச் செத்துப் பிழைக்கும். டி.சி.யில் கரண்டு நின்ற பிறகும் இரும்புக்குள் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். இரும்பும் இரும்பும் நேராகத் தொட்டால் விடாது. நடுவில் மெல்லிசாக ஏதாவது இருந்தால் போதும்.

"என்ன வேணும், சொல்லு" என்றார் டாக்டரம்மா, ஈரப் புடவையைத் தூக்கிச் செருகியபடி.

"மெல்லிசா, ஒட்டிக்கிற மாதிரி ஏதாவது இருக்குங்களா? இரும்பு மட்டும் வேணாம்."

காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி கொண்டுவந்தார். நகம் அளவு வெட்டி இரும்பு முகத்தில் ஒட்டினேன். மறுபடி போட்டேன், இழுத்தது. நிறுத்தினேன், விட்டது. பத்துத் தடவை போட்டு நிறுத்தினேன். பத்துத் தடவையும் சொன்னதைக் கேட்டது.

பிறகு மோட்டாரைத் துண்டித்துவிட்டு, ரிலேக்கு மட்டும் கரண்டு விட்டு, காயில்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் மணி, அரை மணி, முக்கால் மணி, ஒரு மணி. கெடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவும் வந்து புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஜுரம் இல்லை" என்றார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே அழுதேன். பெருமையில்தான். இந்தக் காயிலை யாரையும் பார்த்து நான் சுற்றவில்லை. இப்படி ஒரு காயில் மயிலாப்பூரில் அதற்கு முன் யார் மேஜையிலும் இருந்ததில்லை.

என் இடம்

டாக்டரம்மா கொடுத்த சீட்டோடு மத்தியானம் பட்டறைக்குத் திரும்பினேன். வாசலில் நுழைந்ததுமே தெரிந்தது. என் மேஜையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். டவுனிலிருந்து வந்தவராம். எண்ணெய் தடவி வாரிய தலை, மடித்துவிட்ட சட்டைக் கை. தன் சாமான்களை வரிசையாக அடுக்கியிருந்தார். என் கத்தரிக்கோல் ஜன்னல் ஓரத்துக்குப் போயிருந்தது.

நாயுடு எழுந்து வந்தார். "அந்தக் காயில் இங்க இழுக்கலைன்னதும் நேத்தே சொல்லி அனுப்பிட்டேன்மா. வேலை நிக்கக்கூடாது பாரு..."

நான் சீட்டை நீட்டினேன். தமிழில்தான் எழுதியிருந்தார். நாயுடு இரண்டு தடவை படித்தார்.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

"எரியல?"

"எரியல மொதலாளி. ஒரு மணி நேரம் கை வெச்சுக்கினு இருந்தேன்."

அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது. மேஜைப் பக்கம் பார்த்தார். "நல்லதுமா. ஆனா வந்து குந்தினவரை எப்படி எழுப்புறது? மரியாதையா இருக்காதே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேராக மேஜைக்குப் போனேன். அந்த மனிதர் ஓர் அழைப்பு மணியின் காயிலைப் பிரித்துப் புளியங்கொட்டை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். அதுவும் எரிந்த காயில்தான். ரத்தினம் அன்று காலையில் கொண்டுவந்ததாம்.

"இது எந்தக் கரண்டுக்குங்க?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கரண்டா? எடுத்த சுத்துக்குப் போட்ட சுத்து. அதுக்கு மேல இன்னாத்துக்கு?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. போன வாரம் வரை நானும் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பேன். என் முதல் இரண்டு காயிலிலும் சுற்றினதில் தப்பில்லை, கேட்காமல் சுற்றினேனே, அது என் தப்பு. நாயுடுவிடமும் அதை அப்படியே சொன்னேன்.

நாயுடு திரும்பினார். "ரத்தினம், இந்த மணி எங்க இருந்துச்சு?"

"கிண்டி பக்கம் ஒரு பங்களா மொதலாளி."

"அங்க எந்தக் கரண்டு?"

பட்டறையில் மறுபடியும் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ரத்தினம் தரையைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். அந்த மனிதரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம், வாயில் வந்த ஏதாவது ஒன்றை. அவர் சொல்லவில்லை. அன்றையிலிருந்து மனசுக்குள்ளும் அவரை 'அவர்' என்றுதான் நினைக்கிறேன்.

"தெரியல மொதலாளி. பிலோமி வந்து பாத்துச் சொல்லணும்."

நாயுடு கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் திரும்பவும் போட்டுக்கொண்டார். மேஜை பக்கத்தில் போய் அந்த மனிதரின் தோளைத் தொட்டார்.

"நைனா, கொஞ்சம் எழுந்துக்கோ."

அவர் எழுந்தார். சாமான்களை எடுக்கக் கை நீட்டினார். நல்ல கை, நீளமான விரல். பார்த்தவுடனே தெரிந்தது, சுத்தமாகச் சுற்றுகிறவர்.

"அவரு போக வேணாம், வேலை நெறையக் கீது. அவருக்கு வேற ஸ்டூல் போடுங்க மொதலாளி" என்றேன். "இது என் எடம்."